சார்ட்டரும் அடைக்கோழியும்

எழுபதுகளின் நடுவில், வாளையார் செக் போஸ்ட்டுக்கு மலையாளப் பக்கம் இருந்த ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை. நீளமான அட்டைகளில் ஓட்டை குத்துவதுதான் வேலை. யார் ஆஜர், எத்தனை மூட்டை பஞ்சு வந்தது, எத்தனை கண்டு நூல் போனது எல்லாம் எங்கள் அறையில் ஓட்டைகளாக மாறும். நாங்கள் நான்கு பெண்கள். குத்திய அட்டைகளைப் பிரிக்க ஒரு மெஷின், பிரித்ததைக் கூட்டி அச்சடிக்க இன்னொன்று. பிரிக்கிறதற்குச் சார்ட்டர் என்று பெயர். ஒரு பக்கம் அட்டைக் கட்டை வைத்தால் தடதடவென்று ஓடி, வரிசையாக இருக்கும் பதிமூன்று அறைகளில் ஏதோ ஒன்றில் போய் ஒவ்வொரு அட்டையும் விழும்.

விழுந்தால் சரி. ஆடி மாதம் கணவாய்க் காற்றோடு சாரல் வந்துவிட்டால் அட்டை நமுத்துப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். அதை நோண்டி எடுக்க எங்கள் நகங்கள்தான் ஆயுதம். எங்களில் மூத்த அக்கா, நாலு பிள்ளை பெற்றவர், சார்ட்டரைப் பேர் சொல்லாமல் "மாமியார்" என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் எங்கள் ஆபீசர் கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். அவர் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். ஆபீஸ் ஆர்டரை மந்திரம் போல ஓர் எழுத்து விடாமல் வாசிப்பார்.

"மெட்ராஸ் ஹெட் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வந்தாச்சு. இனிமே நீங்க குத்தற அட்டையை ரயில்ல அனுப்பினாப் போறும், பாக்கியை அது பாத்துக்கும். இந்த ரெண்டு மெஷினும் வேண்டாம், கேட்டேளா."

எங்கள் வேலை போகவில்லை என்றதும் மூச்சு வந்தது. ஆனால் கடிதத்தில் மீதி இருந்தது. இரண்டு மெஷினும் வாடகைக்கு வந்தவை. மெஷின் கம்பெனி அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளாதாம். வேறு யார் கைக்கும் போய் ஓடவும் கூடாதாம். அதனால் மில்லிலேயே 'மறுபடி ஓடாதபடி' உடைத்து, பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க வேண்டும். உடைத்ததைக் கம்பெனி ஆள் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பழைய அட்டைகளையும் யாரும் படிக்க முடியாதபடி அழிக்க வேண்டும்.

உடைக்க ஆள் கிடைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. மில் வாசலில் இருந்த சுமட்டு, அதாவது சுமை தூக்கும் தொழிலாளர் யூனியன் தலைவர் தோளில் தோர்த்துத் துண்டோடு வந்து பார்த்தார்.

"சாரே, ஏத்தறதும் எறக்கறதும் எங்க ஜோலி. ஒடைக்கறது எங்க ஜோலி அல்ல. ஒடைச்சு வையுங்க, ஏத்தித் தரோம்."

ஃபிட்டர்களைக் கேட்டால், ரிப்பேர் பண்ணத்தான் தங்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள், கெடுப்பதற்கு அல்ல என்றார்கள். ஆபீசர் ஒரு வாரம் இங்கும் அங்கும் நடந்தார். கடைசியில் அக்காதான் எழுந்து நின்றார்.

"ஏனுங்க சார், நாங்க ஒடைக்கட்டுங்களா?"

"நீங்களா?"

"ஒரு சம்மட்டி மட்டும் வாங்கிக் குடுங்க."

அந்தச் சனிக்கிழமை மத்தியானத்தை நான் மறக்கவே மாட்டேன். இரண்டு மெஷினையும் தள்ளிக்கொண்டு போய்ப் பின்கட்டு முற்றத்தில் விட்டிருந்தார்கள். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் அடி போட்டார். "இது போன ஆடிக்கு." இரண்டாவது அடி. "இது எம் பையன் காய்ச்சல்ல கெடந்தன்னிக்கு எட்டு மணி வரைக்கும் நிறுத்தி வெச்சதுக்கு." அதற்குப் பிறகு கணக்குச் சொல்வதை விட்டுவிட்டு அடித்தார். நாங்கள் மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டோம். மோட்டார் நசுங்கியது, பித்தளைப் பிரஷ்கள் தெறித்தன, ஒயர்கள் குடல் மாதிரி வெளியே வந்து தொங்கின. எனக்குக் கை எரிந்தது, ஆனால் மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

ஆபீசர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்.

"நான் ஒண்ணு அடிக்கலாமோ?"

கொடுத்தோம். ஒன்று என்றவர் ஆறு அடித்தார். சட்டையில் ஆயில் தெறித்தது கூடத் தெரியவில்லை.

அட்டைகளை அழிப்பது அதைவிட இனிமையாக முடிந்தது. எரிக்கலாமா என்று ஆபீசர் யோசித்தார். பஞ்சு மூட்டைக்குப் பக்கத்தில் நெருப்பா என்று செக்யூரிட்டிக்காரர் விடவில்லை. நான்தான் ஊற வைக்கலாம் என்றேன். பழைய தண்ணீர்த் தொட்டியில் அட்டைகள் ஒரு வாரம் ஊறின. கூழானதை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். எங்கள் ஊட்டில் அம்மா அதில் வெந்தயம் சேர்த்து ஆட்டி, மூன்று கூடையும் ஒரு முறமும் மெழுகினார். மில்லின் நாலு வருஷத்து ஆஜரில்தான் அம்மா அரிசி புடைத்தார்.

என் தப்பு இனிமேல்தான் வருகிறது. உடைத்துப் போட்ட குவியலில் சார்ட்டரின் அறைகள் மட்டும் அப்படியே இருந்தன. நல்ல கனத்த தகடு, வரிசையாகத் தடுப்புகள், சின்ன அலமாரி மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கோழிகள் ஞாபகம் வந்தன. ஆபீசரிடம் போய்க் கேட்டேன். ஓடுகிற பாகமெல்லாம் நசுங்கிவிட்டதே, இது வெறும் தகடுதானே என்றேன். அவர் யோசித்து, ‘உடைந்த இரும்பு, ஒரு உருப்படி’ என்று கேட் பாஸ் எழுதிக் கொடுத்தார். எங்கள் ஊரான வடகரப்பதிக்குப் போகிற ஒரு வண்டியில் ஏற்றிவிட்டேன். அப்பா ஒன்று விட்டு ஒன்று தடுப்பைக் கழற்றினார். ஆறு கோழிக்கு இடம் ஆயிற்று. மிச்சமிருந்த ஒற்றை அறையில் அம்மா தீப்பெட்டி வைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துக் கம்பெனி ஆள் வந்தார். மெட்ராஸ்காரர், வெள்ளைச் சட்டை, டை. முற்றத்தில் இருந்த குவியலைச் சுற்றி வந்தார். அச்சடிக்கிற மெஷினின் நம்பர் தகடு கிடைத்தது, குறித்துக்கொண்டார். சார்ட்டருடையதைத் தேடினார். இல்லை.

"நம்பர் பிளேட் இல்லாம நான் எதை உடைச்சீங்கன்னு எழுதறது? முழு மெஷினையும் வித்துட்டு வேற இரும்பைக் காட்டறீங்கன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

ஆபீசர் குவியலையே குனிந்து பார்த்தார். தன் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் என் பேரை அவர் சொல்லவில்லை. அதுதான் என்னைக் குத்தியது. நானே முன்னால் போனேன்.

"அது எங்க ஊட்டுல இருக்குதுங்க."

"வீட்டிலயா? சார்ட்டரா?"

"கோழி இருக்குதுங்க, அதுல."

அவர் என்னையும் ஆபீசரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நேரில் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். மில் ஜீப்பில் மூன்று பேரும் கிளம்பினோம்.

எங்கள் தொழுவத்துக்குப் பக்கத்தில் சார்ட்டர் நின்றது. நம்பர் தகடு நாலாவது கூட்டின் பின்பக்கத்தில், உள்ளே இருந்தது. அந்தக் கூட்டில் செவலைக் கோழி அடை உட்கார்ந்திருந்தது. மெட்ராஸ்காரர் கையை நீட்டியதும் அம்மா குறுக்கே வந்தார்.

"அடைக்கு உக்காந்து பதினெட்டு நாளாச்சுங்க. கோழிய எழுப்பாதீங்க. மூணு நாள் கழிச்சு வாங்க."

"அம்மா, நான் நாளைக்கு மெட்ராஸ்ல இருக்கணும்."

"அப்பறம் அதுக்கு நானென்னங்க பண்றது?"

அவர் டையைத் தோள் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தார். அப்பாவின் டார்ச்சை வாங்கிக் கோழிக்கு அடியில் இருந்த இடுக்கில் கையை விட்டு அடித்தார். ஒவ்வோர் எண்ணாக அவர் சொல்ல, ஆபீசர் எழுதினார். ஐந்தாவது எண்ணில் செவலை அவர் மணிக்கட்டில் ஒரு கொத்துக் கொத்தியது. அவர் கையை எடுக்காமல் மிச்சத்தையும் சொல்லி முடித்தார். அவர் கொண்டுவந்த பட்டியலோடு எண்கள் பொருந்தின.

எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டார். "சரி, இது உடைஞ்சதா இல்லையான்னு நான் எப்படி எழுதறது?"

ஆபீசர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். "மறுபடி ஓடாதபடின்னுதானே போட்டிருக்கேள். பாருங்கோ, பதினெட்டு நாளா அசையக்கூட இல்லை."

மெட்ராஸ்காரர் சிரித்துவிட்டார். ஜீப்பின் மூக்கின் மேல் காகிதத்தை வைத்து, 'நேரில் பார்த்தேன், ஓடாத நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நம்பர் தகடு மட்டும் கம்பெனிக்கு வந்தாக வேண்டும், குஞ்சு பொரித்த பிறகு தபாலில் அனுப்பு என்றார். அம்மா அவர் மணிக்கட்டுக்கு மஞ்சள் வைத்துவிட்டு மோர் கொடுத்தார்.

பதினோரு முட்டையில் ஒன்பது பொரித்தது. தகட்டைக் கழுவித்தான் அனுப்பினேன். நன்றி தெரிவித்து ஒரு கடிதம் வந்தது, அதில் கோழியைப் பற்றி ஒன்றுமில்லை. முற்றத்துக் குவியலை யூனியன்காரர்கள் லாரியில் ஏற்றினார்கள், அது செக் போஸ்ட் தாண்டிக் கோயம்புத்தூருக்கு உருக்கப் போனது.

எங்கள் ஊட்டுச் சார்ட்டர் துருப்பிடித்து விழப் பல வருஷம் ஆயிற்று. அதை எடுக்க வந்த பழைய இரும்புக்காரர் தகட்டைத் தட்டிப் பார்த்து, இது என்ன மெஷினுங்க என்று கேட்டார். முட்டை எண்ணுகிற மெஷின் என்றார் அம்மா. அவரும் தலையாட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்.