ரோமாபுரிக்குப் போன கைக்கடிகாரம்

அற்புதமேரி பொய் சொன்னால் அத்திப்பள்ளி எல்லைச் செக்போஸ்ட்டே நம்பும். அந்தக் காலத்தில் அது லேசுப்பட்ட காரியமில்லை. ஓசூரில் தொழிற்சாலைகள் வந்து இறங்குவதற்கு முன்னால், அரிசிக்கு ஆளாய்ப் பறந்த அறுபதுகளின் காலம் அது. மதராஸ் மாநிலத்து அரிசி மைசூர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று சட்டம். பெங்களூர்க்காரனுக்கோ சோறு இல்லாமல் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் பஸ் ஏறிப் போய்வந்த பொம்பளைகளில் இவள்தான் கெட்டிக்காரி. மத்தகொண்டப்பள்ளியில் ஏறி, ஓசூரில் பஸ் மாறிப் போவாள். மூட்டையில் தளி ஊர்ப் பக்கத்து பீன்ஸும் முள்ளங்கியும் மேலே இருக்கும், கிருஷ்ணகிரி அரிசி அடியில் இருக்கும்.

காவல்காரன் கன்னடத்தில் கேட்டால், அவனைவிட நல்ல கன்னடத்தில் அவன் வீட்டு நலம் விசாரித்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள். அரிசி மட்டுமா? அந்தப் பக்கமிருந்து வரும்போது புதுப் பாத்திரம், புதுச் சேலை, எதுவானாலும் அவளுக்கு ஒரே கணக்குத்தான். புதுசாகத் தெரிந்தால் கேள்வி வரும், பழசாகத் தெரிந்தால் வராது. பித்தளைக் குடத்துக்கு உள்ளும் புறமும் கரியைப் பூசி, பத்து வருஷம் அடுப்பில் கிடந்ததுபோல் ஆக்கிவிடுவாள். சேலையை அங்கேயே உடுத்திக் கசக்கிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். இந்த வித்தையை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள், தன் பிள்ளை விஷயத்தில் மட்டும் கோட்டைவிட்டாள்.

அவள் புருஷன் சகாயநாதன் ஊர்ச் சர்ச்சில் கோயில்பிள்ளை. கோயிலைக் கூட்டுவது, பூசைக்கு எல்லாம் எடுத்துவைப்பது, நேரத்துக்கு மணியடிப்பது அவர் வேலை. அந்த மணிக்காகத்தான், ஊரைவிட்டுப் போன பிரெஞ்சுக்காரச் சாமியார் தன் கையிலிருந்த சுவிஸ் கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கட்டிவிட்டார். சகாயநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே ஓர் ஆணியை எடுத்துக் கடிகாரத்தின் முதுகில் தன் பேரைக் கீறினார். எழுத்து கோணல்மாணலாக, பந்திப் பாத்திரத்தில் பேர் வெட்டினதுபோல் இருந்தது. அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

மனுஷன் வாயில் பொய் வராது. பெண்டாட்டியின் வியாபாரத்தைத் தடுக்கவும் முடியாது, தாங்கவும் முடியாது. ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்து, "உன் பேச்சைச் செக்போஸ்ட்டுக்காரன் நம்பட்டும் மேரி, எங்க கிட்ட வேணாம்" என்பார். பிள்ளைகள் இரண்டும் சிரிக்கும். அம்மா எதைச் சொன்னாலும் ஓரக்கண்ணால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது அந்த வீட்டில் பழக்கமாகவே ஆகிவிட்டது.

பெரியவள் மேரிராணி கன்னியர் மடத்து மூலமாக நர்ஸ் வேலைக்கு ஜெர்மனிக்குப் போனாள். சின்னவன் மைக்கேல்ராஜைச் சாமியாராகப் படிக்க ரோமாபுரிக்கு அனுப்பினார்கள். அவன் அங்கே இருக்கும்போதுதான் சகாயநாதன் காய்ச்சலில் விழுந்து எழாமலே போனார். கடல் தாண்டி இருக்கிறவன் எப்படி வருவான்? அப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத பிள்ளையாக அவன் அங்கேயே இருந்தான்.

அறுபத்தேழில், வருஷக் கடைசியில் அவனுக்குக் குருப்பட்டம் என்று செய்தி வந்தது. அற்புதமேரிக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. நான் போக முடியாது, அவரும் இல்லை, அவர் கடிகாரமாவது பிள்ளை கையில் இருக்கட்டும். ஜெர்மனிக்குப் புறப்பட்ட ஒரு கன்னியாஸ்திரீ கையில் கொடுத்தால் மேரிராணியிடம் சேர்த்துவிடுவார். மேரிராணி அங்கிருந்து தம்பிக்குத் தபாலில் அனுப்பிவிடுவாள். நல்ல யோசனைதான்.

ஆனால் கடிகாரத்தை எடுத்துப் பார்த்ததும் அவளுக்கு மனசு கூசியது. கண்ணாடியெல்லாம் கீறல். வார் வியர்வையில் கறுத்துச் சுருண்டிருந்தது. வெள்ளைக்காரச் சாமியார்கள் நடுவில் என் பிள்ளை இதையா கட்டிக்கொண்டு நிற்பான்? ஓசூர் பஜாரில் லால் பாஷாவின் கடிகாரக் கடைக்கு எடுத்துப் போனாள்.

"புதுக் கண்ணாடி போடு, புது வார் போடு. மேல பாலிஷ் பண்ணு. நல்ல பெட்டி ஒண்ணு குடு பாஷா."

லால் பாஷா அதைத் திருப்பிப் பார்த்தார். "பின்னால மாமா பேரு இருக்குதுக்கா."

"அதையுந்தான் தேய்ச்சுடு."

"பேரையுமா?"

"ரோமாபுரியில போயி ஆணில கீறுன பேரை யாருக்குக் காட்டறது? சொன்னதைச் செய்யப்பா."

சாயங்காலம் கடிகாரம் கண்ணாடிபோல் மின்னியது. முதுகைத் தடவினால் வழவழவென்று இருந்தது. ஒரே ஒரு சந்தேகம்தான் லால் பாஷாவுக்கு.

"அங்க ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்குப் போறப்ப சுங்கம் கேக்க மாட்டாங்களாக்கா? நம்ம அத்திப்பள்ளி மாதிரி?"

"சீமைக்குள்ள எதுக்குய்யா செக்போஸ்ட்டு? எல்லாம் ஒரே வெள்ளைக்காரங்க. நம்மாட்டம் அடிச்சுக்கறவங்களா?" என்று சிரித்துவிட்டு வந்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நம் பக்கத்தில் அப்போது எல்லாருக்கும் அது ஒரே சீமைதான். கப்பலோ விமானமோ ஏறிவிட்டால் சீமை, அதற்குள்ளே ஜெர்மனி ஒரு தெரு, ரோமாபுரி ஒரு தெரு. அதற்கு நடுவிலும் கோடு கிழித்து ஆளை நிறுத்தியிருப்பான் என்று யார் கண்டது?

கன்னியாஸ்திரீ கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டே போனதால் ஜெர்மனிவரை ஒரு கேள்வி இல்லை. மேரிராணி அதை அம்மா சொல்லியனுப்பியபடியே பெட்டியில் வைத்து, மேலே ஒட்டும் சுங்கச் சீட்டில் 'பழைய கடிகாரம், அன்பளிப்பு' என்று உண்மையை எழுதி, தபாலில் சேர்த்தாள். ரோமாபுரிச் சுங்கத்தில் பிரித்துப் பார்த்தார்கள். புதுப் பெட்டி, புது வார், கீறல் விழாத கண்ணாடி, பளபளக்கும் சுவிஸ் கடிகாரம். இதுவா பழசு? புதுக் கடிகாரத்துக்கு உண்டான தீர்வையும் வரியும் கட்டி எடுத்துப் போ என்று மைக்கேல்ராஜுக்குச் சீட்டு அனுப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் தப்புச் சொல்ல முடியுமா? அற்புதமேரியே அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

அப்புறம் நடந்ததை மேரிராணிதான் எழுதினாள். தம்பி சுங்க ஆபீசுக்கே போயிருக்கிறான். அப்பா கடிகாரம், பின்னால் பேர் கீறியிருக்கும் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறான். அவர்களும் நல்ல மாதிரி, எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை. இது உன் அப்பாவுடையதுதானா என்று கேட்டபோது, தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அம்மா புதுசு வாங்கி, அப்பாவுடையது என்று சொல்லி அனுப்பிவிட்டாள் என்றே அவன் நினைத்துவிட்டான். கடிகாரம் திரும்ப ஜெர்மனிக்கே வந்துவிட்டது. குருப்பட்டத்தன்று அவன் கை வெறுங்கையாகத்தான் இருந்தது.

படித்துவிட்டு அற்புதமேரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வயதுக்கு வந்த நாள்முதல் அவள் சொன்ன பொய்க்கெல்லாம் ஊர் உலகம் தலையாட்டியது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நிஜத்தைப் பெட்டியில் வைத்து அனுப்பினாள், பெற்ற பிள்ளை நம்பவில்லை.

அது அப்பா கடிகாரம்தான், பேரை நான்தான் தேய்க்கச் சொன்னேன் என்று கர்த்தர்மேல் ஆணையிட்டு அவனுக்கு எழுதினாள். 'சரி அம்மா, அதை விட்டுவிடுங்கள்' என்று பதில் வந்தது. அந்த 'சரி' அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. அத்திப்பள்ளிக்காரன் 'சரி போ' என்றால் நம்பிவிட்டான் என்று அர்த்தம். இது அந்தச் சரி இல்லை. பஸ்ஸில் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும்போதுகூட அதுவே மனசில் ஓடும். அவரை ஒரு தரம் காய்ச்சல் கொண்டுபோயிற்று, இன்னொரு தரம் நானே தேய்த்து அழித்துவிட்டேன் என்று லால் பாஷா கடையில் நின்று அழுதாள்.

"அழகா இங்கிலீஷ் எழுத்துல பேரு வெட்டித் தரட்டுமாக்கா?" என்று அவர் கேட்டார்.

"நீ வெட்டுனா அது உன் எழுத்து பாஷா."

மறு வருஷம் மேரிராணி விடுப்பில் வந்தபோது கடிகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அற்புதமேரி அதைப் பெட்டிக்குள்ளேயே டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினாள். பார்க்கவே பிடிக்கவில்லை.

அறுபத்தொன்பதில் மைக்கேல்ராஜ் சாமியாராக ஊர் வந்து சேர்ந்தான். முதல் பூசைக்கு ஊரே திரண்டது. பூசை முடிந்து எல்லாரும் வரிசையில் நின்று அவன் உள்ளங்கையில் உதடு வைத்து முத்தி செய்தார்கள். அற்புதமேரியும் செய்தாள். மணிக்கட்டு வெறுமையாக இருந்ததைத்தான் பார்த்தாள். மத்தியானம் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, பெட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். 'சாமி' என்று கூப்பிடுவதா, 'டேய்' என்று கூப்பிடுவதா என்றுகூட அவளுக்குப் புரியவில்லை.

"நீ நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி. இது உங்கப்பாவோடதுதான். உனக்கு வெக்கமா இருக்கக்கூடாதுன்னு நாந்தான் பேரைத் தேய்க்கச் சொன்னேன். பாவி நான்."

அவன் அதை எடுத்துத் திருப்பினான். வழவழப்பான முதுகைக் கட்டைவிரலால் தடவினான். அவளைப் பார்த்தான். முகத்தில் அதே பழைய ஓரக்கண். அற்புதமேரிக்கு உயிரே போய்விட்டது. இனி என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எழுந்திருக்கப் போனாள்.

கையில் எடுத்த கடிகாரத்துக்குச் சாவி கொடுக்காமல் யார் இருப்பார்கள்? அவனும் கொடுத்தான். ஓடுகிறதா என்று பார்க்கக் காதில் வைத்தான்.

வைத்தவன் எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டான். பட்டம் வாங்கிய சாமியார், சின்னப் பிள்ளைமாதிரி விசும்ப ஆரம்பித்தான்.

"சின்னதுல அப்பா கைமேலதானே தலை வெச்சுத் தூங்குவேன், ம்மா. ராத்திரியெல்லாம் இந்தச் சத்தந்தான் காதுல கேட்டுக்கிட்டே இருக்கும். நாலு தட்டு தட்டிட்டு ஒரு விக்கல் விக்கும்."

"அந்த விக்கலைப் பாஷாவால கூட சரி பண்ண முடியலைப்பா," என்றாள் அவள். "ரோமாபுரியில காதுல வெச்சுப் பாத்திருக்கக் கூடாதா கண்ணு?"

"வெச்சுப் பாத்தேம்மா. ஓடலை. தீர்வை கட்டாம சாவி திருகக் கூடாதுன்னுட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. புதுக் கண்ணாடி, புது வார், புதுப் பெட்டி என்று பார்த்துப் பார்த்துச் செய்தவள், சாவி கொடுத்து அனுப்பச் சொல்ல மறந்துவிட்டாள். சொல்லியிருந்தாலும் அது தபாலில் அத்தனை நாள் ஓடியிருக்காது.

மைக்கேல்ராஜ் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் படுத்தான். கையை மடக்கித் தலைக்குக் கீழே கொடுத்து, மணிக்கட்டைக் காதோரம் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் தூங்கிப் போனான். சாயங்கால பஸ்ஸுக்குக் கட்டி வைத்த மூட்டை வாசலில் இருந்தது. வண்டி வந்து ஹாரன் அடித்து, நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. அற்புதமேரி எழுந்திருக்கவில்லை. சத்தம் போட்டால் பிள்ளை விழித்துக்கொள்வான் என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.