எல்லாரும் நம்மவங்கதானே?

நாற்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட நீங்கள் எப்போதாவது ஹோட்டல் தேடியிருக்கிறீர்களா? போன மாதம் வரை அது சுலபமான வேலை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். உலு திராம் பக்கத்தில் நாலு ரப்பர் தோட்டங்கள், நாலு வாசகசாலைகள். நாலையும் ஒரே சங்கமாகச் சேர்ப்பதென்று முடிவாயிற்று. முதல் கூட்டத்தை எங்கே வைப்பது? தோட்டத்துக்குள் பத்துப் பேர் கூடி நின்றாலே வெள்ளைக்காரத் துரைக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஆனால் ஜோகூர் பாருவுக்குப் போய் ஹோட்டலில் சாப்பிட்டோம் என்றால் யார் என்ன கேட்க முடியும்? சாப்பாடு முடிந்ததும் அங்கேயே கூட்டத்தை நடத்திவிடலாம்.

ஹோட்டலைத் தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி போட்டார்கள். பதினோரு வருஷமாகத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான நான் ஒருவன். ஆஸ்பத்திரியைக் கவனிக்கும் டிரஸ்ஸர் இன்னொருவர். “பாயசம் உண்டான்னு மட்டும் கேட்டுக்கிட்டு வாங்க லா” என்று அவர் சொல்லிவிட்டார். ஆக, கமிட்டி என்றால் நான்தான்.

வரவேற்புரை செல்லையாவுடையது. அவர் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர். எங்கள் வாசகசாலையை உண்டாக்கியதே அவர்தான். வேலை முடிந்து வந்து, எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பேப்பரை உரக்க வாசித்துக் காட்டுவார். வாசகசாலையில் நான் அவரை ‘நீங்க’ என்பேன். விடியற்காலைப் பெரட்டில் — ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும்போது — ‘நீ’ என்பேன். தோட்டத்து வழக்கம் அப்படி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செல்லையா குடியிருப்பது கீழ் லயத்து வீட்டு வரிசையில். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் தீண்டக்கூடாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு வீடு அங்கேதான். தண்ணீர்க் குழாய்கூடத் தனி. கப்பல் ஏறி வந்தபோது மூட்டை முடிச்சோடு இதையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் பஸ் பிடித்து ஜோகூர் பாரு போனேன். முதல் ஹோட்டலில் சாக்கடை நாற்றம். இரண்டாவதில் பதினைந்து பேருக்குமேல் உட்கார இடமில்லை. மூன்றாவது... ஆஹா! பளிங்குக்கல் மேஜை, மின்சார விசிறி, மாடியில் விசாலமான ஹால். முதலாளி நெற்றி நிறையத் திருநீறோடு எழுந்து வந்து வரவேற்றார்.

“எத்தனை பேருங்க?”

“நாப்பது.”

“இலைச் சாப்பாடுதானே?”

“ஆமா. பாயசத்தோட.”

“செஞ்சிடலாம். எல்லாரும் நம்மவங்கதானே?”

“ஆமா, ஆமா. எல்லாரும் நம்மவங்கதான்!”

எங்கள் சங்கத்துக்காரர்கள் என்ற அர்த்தத்தில் சொன்னேன். சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன். பக்கவாட்டு ஜன்னல் விளிம்பில் பால் டின்கள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன — வாயை வெட்டி, விளிம்பைத் தட்டிச் சமப்படுத்திய பழைய பால் டின்கள். உள்ளே உட்கார்ந்து குடிக்கிறவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். வெளியே நின்று குடிக்கிறவர்களுக்கு இது.

அப்போதுதான் அவர் கேட்ட கேள்வி எனக்குப் புரிந்தது.

திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு எட்டுத்தான். போகவில்லை. ஏன்? வெயிலில் அலைந்த களைப்பு... இதைவிட நல்ல ஹால் கிடைக்காது... நாற்பது பேரில் ஒருவரை யார் கவனிக்கப்போகிறார்கள்... சாக்குக்கா பஞ்சம்? உண்மையைச் சொன்னால், கேட்கப் பயந்தேன். கேட்டால் ஒரு பதில் வருமே!

 அந்த இரண்டு வாரமும் சாயங்காலமானால் செல்லையா வரவேற்புரையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார், ஒத்திகை பார்க்க. ஹோட்டல் முதலாளிக்கு நன்றி சொல்லும் வரி ஒன்று அதில் இருந்தது. நான் எழுதிக் கொடுத்ததுதான். அந்த வரி வரும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் பார்ப்பேன்.

ஒருநாள் கேட்டார்: “கிராணியாரே, அங்க தரையில இலையா, மேஜையிலயா?”

“மேஜை மேல இலை.”

“அப்ப நாற்காலியில உக்காந்து சாப்பிடறதா?”

“ஆமா.”

“விசிறி வேற சுத்தும்னீங்க!” என்று சிரித்தார். புதுசாக வெள்ளைச் சட்டை தைத்திருப்பதாகவும் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? வாய் வரை வந்தது. சட்டையில் எத்தனை பை என்று கேட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்து நாள் வந்தது. லாரியில் போய் இறங்கினோம். மாடி ஏறினோம். நாற்பது இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று. செல்லையா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. முதலாளி ஒவ்வொருவரிடமாக வந்து, சிரித்துப் பேசி, தோட்டம் விசாரித்துக்கொண்டிருந்தார்.  சோறு சீக்கிரம் வந்தால் தேவலையே என்று மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க எந்தத் தோட்டம்?” என்றார் முதலாளி.

செல்லையா தோட்டத்தின் பெயரைச் சொன்னார்.

“அட, நம்ம கிராணியார் தோட்டம்! எந்த லயம்?”

“கீழ் லயங்க.”

முதலாளி நேராக என்னிடம் வந்து காதோரமாகக் குனிந்தார். “நம்மவங்கன்னு சொன்னீங்களே...?”

நான் இலையைப் பார்த்தேன்.

“தப்பா நினைக்காதீங்க. அவருக்குக் கீழே தனியாப் போட்டுடறேன். ஒரு கொறையும் வைக்க மாட்டேன். நாலு பேர் வந்துபோற இடம், பாருங்க.”

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வரிசையில் எல்லார் பேச்சும் நின்றுவிட்டிருந்தது. செல்லையா காதிலும் விழுந்தது. அவர் ஒரு பருக்கை விழாத இலையை நிதானமாக மடித்தார்.

“எனக்குப் பசியில்லீங்க. நீங்கெல்லாம் சாப்பிடுங்க. நான் கீழே நிக்கிறேன். கூட்டத்துக்குக் கூப்பிட்டு விடுங்க” என்று எழுந்தார்.

நான் எழுந்திருக்க வேண்டிய நேரம் அது. எழுந்திருக்கவில்லை. பத்திரிகையில் பத்தி பத்தியாக எழுதித் தள்ளுகிற நான், இலை நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்தச் சமயம் பார்த்துப் பாயச வாளி மேலே வந்தது. ஏலக்காய் வாசனை கமகமவென்று அடித்தது.

டிரஸ்ஸர் அந்த வாளியை ஒருதரம் பார்த்தார். தன் இலையை மடித்தார். “இரு செல்லையா, நானும் வர்றேன்” என்று எழுந்துவிட்டார்!

அப்புறம் இலைகள் ஒவ்வொன்றாக மடிந்தன. என்னுடையது முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை. நாற்பதில் முப்பத்தேழு பேர் கீழே இறங்கினோம். மூன்று பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்கள் இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்கள்.

தெருவில் மண்டை பிளக்கிற வெயில். பசி. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கே போய்விடலாம் என்றார் ஒருவர். லாரிக்காரர் முடியாது என்றுவிட்டார். இத்தோடு சங்கமே கலைந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். எல்லாம் என்னால்.

செல்லையாதான் முன்னால் நடந்தார். அடுத்த தெருவில் திரும்பினார். புகை படிந்த ஒரு சாப்பாட்டுக் கடை, நீட்டு பெஞ்சுகள். கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம், எல்லாருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன்.

“காக்கா, சாப்பிட வந்திருக்கோம்.”

“எத்தனை பேரு?”

“முப்பத்தேழு.”

“அலமாக்!” காக்கா தலையில் கைவைத்தார். “சோறு வடிக்கணுமே... கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். உக்காருங்க, உக்காருங்க.”

அவ்வளவுதான். வேறு கேள்வி இல்லை.

மீன் கறியும் சோறும் வந்தன. மீன் சாப்பிடாதவர்களுக்குப் பருப்பும் அப்பளமும். பாயசம் இல்லை. டிரஸ்ஸர் மட்டும் பெருமூச்சு விட்டுக்கொண்டே மூன்றுதரம் சோறு வாங்கினார். பெஞ்சுகளுக்கு நடுவில் நின்று செல்லையா வரவேற்புரை வாசித்தார். அந்த நன்றி வரி வந்தது. தாளை இறக்கி, அடுப்படிப் பக்கம் திரும்பி, ஓர் எழுத்து மாற்றாமல் காக்காவுக்குச் சொன்னார். கரண்டியோடு நின்றிருந்த காக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சங்கமும் பிறந்துவிட்டது.

லாரியில் திரும்பி வரும்போது செல்லையா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“அந்த முதலாளி கேட்ட அன்னிக்கே உங்களுக்குப் புரிஞ்சிருச்சில்ல?”

பொய் சொல்ல வரவில்லை. “புரிஞ்சுது.”

சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காக்கா கடையை அன்னிக்கே காட்டியிருப்பேனே. நாங்க ஜோகூர் பாரு வந்தா எப்பவும் அங்கதான்.”

எனக்குச் சுருக்கென்றது. சட்டை தைத்தவர் அவர், வரவேற்கப் போகிறவர் அவர், அவமானப்பட வேண்டியிருந்தால் அதுவும் அவர். ஆனால் ஹோட்டல் தேடும் கமிட்டியில் அவரைச் சேர்க்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை! அவர் சார்பில் பயப்படுவதற்கு மட்டும் நான் தயாராக இருந்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலை. பெரட்டு. வழக்கம்போல் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். துரை பின்னால் நின்றுகொண்டிருந்தார். “செல்லையா!” என்றேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். “நீங்க மேட்டுக் காட்டுக்குப் போங்க.”

ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் திரும்பி என்னைப் பார்த்தார். வரிசையில் யாரோ இருமினார்கள். செல்லையா ஒரு கணம் நின்றார். “சரிங்க” என்றார், வெட்டுக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.

ஒரு ‘ங்க’ சேர்க்க எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது — நான்தான் அந்த முதலாளியைத் திட்டி எழுதலாமென்று பேனாவை எடுத்தேன்!