முன்னறை வாடகைக்கு

சட்டைத் தொழிற்சாலையில் அவளைச் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, காலர், கை, பொத்தான், மடிப்பு என்று விரலை ஓட்டிக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை, ஒன்பது மணி நேரமும் நின்றபடி. உட்கார்ந்தால் கண் அசந்துவிடும் என்று மேலாளர் நாற்காலியே போடவில்லை. அவர் மட்டும் உட்கார்ந்துகொண்டே எப்படி விழித்திருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. பதினெட்டு வருடமாகக் குறை கண்டுபிடித்தே பிழைத்தவளுக்கு, கட்டிய கணவர் செய்யும் குளறுபடி மட்டும் எல்லாம் முடிந்து மூட்டை கட்டின பிறகுதான் கண்ணில் படும்.

கணவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். கைராசிக்காரர் என்று தெருவே சொல்லும். மெஷினைத் தட்டிப் பார்த்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தத் தைரியத்தில்தான் ஏழு வருடத்துக்கு முன்னால் சலவைக் கடை வைக்கிறேன் என்று கிளம்பினார். பழைய பெரிய மெஷின்கள் நான்கைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றையும் பிரித்துப் போட்டு, ஒரு ஸ்க்ரூ விடாமல் சோதித்து வாங்கினார். சோதிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. கடை பிடித்த தெருவில் குழாயில் தண்ணீர் காலையில் முக்கால் மணி நேரம்தான் வரும். ஆழம் தெரியாமல் காலை விட்டார் என்றுகூடச் சொல்ல வழியில்லை, அங்கே கால் நனையத் தண்ணீரே கிடையாது.

கடை ஐந்தே மாதத்தில் மூடிவிட்டது. தொழிலாளர் கடன் சங்கத்தில் அவள் பெயரில் வாங்கிய கடன்தான் மூடவில்லை.

அதன் பிறகு வீட்டில் சிக்கனம் ஆட்சிக்கு வந்தது. வந்த சிக்கனம் போகிற வழியைக் காணோம். பொழுது சாய்ந்தால் வீட்டுக்கே ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி. சோப்பை நூலால் நான்காக அறுத்தார்கள். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினால் டிக்கெட் குறைவு என்று அவள் மீதி தூரத்தை நடந்தாள். மகள் கல்லூரி முடித்த கையோடு மருந்துக் கடையில் பில் போடப் போனாள். முடிவெட்டும் செலவு மிச்சம் என்று கணவர் தாமே கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். மகள் ஒரு மாதம் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு திரிந்தாள். ஒரு நாள் வீட்டு மெஷினின் மோட்டாரையே கழற்றி விற்றுவிட்டு வந்து, "கையால துவைச்சாத்தான் துணிக்கு நல்லது" என்றார். ஊரெல்லாம் மெஷின் ஓட வைக்கிற மனுஷன்! அவளுக்குச் சிரிப்பதா, கையில் இருந்த வாளியை அவர் தலையில் கவிழ்ப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் துவைத்தாள்.

எல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். கடைசியில் முன்னறையை வாடகைக்கு விட்டார்கள்.

அந்த முன்னறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். ஜன்னல் கட்டை அகலம். வேலை விட்டு வந்ததும் அங்கே நாற்காலியைப் போட்டு, இரண்டு காலையும் கட்டை மேல் தூக்கி வைத்து, அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஒன்பது மணி நேரம் நின்ற காலிலிருந்து இரத்தம் திரும்பி இறங்குவது தெரியும். யாரும் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டாலும் காதில் விழாது. அந்த அரை மணிக்காகத்தான் அறுநூறு சட்டையும். அதைத்தான் வாடகைக்கு விட்டுவிட்டு, பின்னறையில் மூன்று பேரும் ஒருவர் முழங்கையில் ஒருவர் இடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

குடிவந்தவர் பழைய ஆலையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. வாடகை முதல் தேதி காலை ஒன்பதுக்கு வரும், ஒரு நிமிடம் முன்பின் ஆகாது. குடி கிடையாது, கூச்சல் கிடையாது, குறை என்று விரல் வைக்க ஒன்றும் கிடையாது. வெறுக்கக்கூட வழியில்லாத அந்த ஒழுக்கம்தான் அவளுக்கு எரிச்சல். போதாததற்குக் கதவிடுக்கில் சீட்டு வரும். "காலை 5.40, குழாய்ச் சத்தம். 5.52, பாத்திரம் விழுந்தது. 6.05, தம்பதிகள் வாக்குவாதம், ஏழு நிமிடம்." கீழே கையெழுத்து, தேதி.

"ஏழு நிமிஷம் இல்ல, அஞ்சுதான் இருக்கும்" என்றார் கணவர் சீட்டைப் படித்துவிட்டு.

"இப்ப ஏழாயிடும், பாத்துக்குங்க" என்றாள் அவள்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை கேட்டிருக்கிறோம். இங்கே ஊர்ப் பிடாரி சொந்த வீட்டுக்குள் நுனிக்காலில் நடந்தது. நான்கு வருடம் நடந்தது. கடன் முடிந்த மறுநாள் முன்னறை காலி என்ற ஒரே நினைப்பில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஒரு தடவை மூச்சு முட்டியது. மூன்று தவணை நின்றுபோய், சங்கத்துக் கடிதம் தொழிற்சாலைக்கே வந்துவிட்டது. மேலாளர் எல்லோர் எதிரிலும் அதை அவளிடம் நீட்டினார். அன்றைக்கு அவளுக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. அந்த வாரமே கணவர் ஒரு கட்டுப் பணத்தோடு வந்தார். பெரிய ஹோட்டலில் எட்டு மெஷின் சர்வீஸ், மொத்தமாகக் கொடுத்தார்கள் என்றார். அவள் அப்படியே மலைத்துப்போனாள். "எங்க வீட்டுக்காரர் மனசு வெச்சா மலையைப் புரட்டுவார்" என்று மறுநாள் செக்கிங் மேசை முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். அன்று ஒரு சட்டைகூட அவள் திருப்பி அனுப்பவில்லை.

போன சனிக்கிழமை மதியம் கடைசித் தவணையைக் கட்டினாள். சங்கத்துக் குமாஸ்தா முத்திரையைக் குத்திவிட்டு, "முழுசா கட்டி முடிச்சிட்டீங்க அக்கா. உங்களுக்கு இப்ப இதைவிடப் பெரிய லோனே கிடைக்கும், ஃபாரம் தரட்டுமா?" என்றான்.

"நல்லா இருப்பா" என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். அன்று பஸ்ஸில் கடைசி நிறுத்தம்வரை டிக்கெட் எடுத்தாள்.

வீட்டில் கணவர் தரையில் உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுது" என்றாள் அவள். "போய் டைம்கீப்பர் சார்கிட்ட சொல்லிடுங்க. ஒரு மாசம் டைம் கொடுப்போம். மரியாதையா சொல்லுங்க."

"சொல்லலாம்..." துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார். "அவசரம் என்ன இப்ப?"

பதினெட்டு வருடக் கண் அது. எங்கேயோ தையல் விட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அந்த ஹோட்டல் வேலை ஞாபகம் இருக்கா?"

"எட்டு மெஷின்."

"ஹோட்டலே இல்லம்மா." அவர் தலை நிமிரவில்லை. "சார்கிட்டதான் வாங்கினேன். ரெண்டு வருஷ வாடகை, முன்கூட்டியே. கடன் முடிஞ்ச மறுமாசத்துலேர்ந்து ரெண்டு வருஷம் அவர் வாடகை தர வேண்டாம், நாமளும் காலி பண்ணச் சொல்லக் கூடாது. எழுதிக் கொடுத்துட்டேன். நீ அன்னிக்கு அந்த லெட்டரை வெச்சுக்கிட்டு அழுதே. எனக்கு வேற வழி தெரியல."

மகள் துண்டைக் கீழே விட்டாள். "அப்பா, அப்ப நம்ம கடன் இப்ப எங்கதான் இருக்கு?"

"முன்னறையில உக்காந்து ரேடியோ கேட்டுட்டிருக்கு" என்றாள் அவள்.

அவளுக்கு வந்தது கோபம் மட்டுமல்ல. மலையைப் புரட்டுவார் என்று ஊரெல்லாம் சொன்னாளே, அந்த வெட்கம். தனக்காகத்தான் செய்தார் என்பதால் வாய்விட்டுத் திட்டவும் முடியாத எரிச்சல். திட்டினாலாவது கொஞ்சம் ஆறும்.

அப்போதுதான் கணவர் மெதுவாக, "சங்கத்துல புது லோன் கொடுப்பாங்கல்ல? அதை வாங்கி இவருக்குத் திருப்பிக் கொடுத்துட்டா..." என்றார்.

அவள் பார்த்த பார்வையில் மகள் அப்பாவின் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கித் தூர வைத்தாள்.

அவள் நேரே போய் முன்னறைக் கதவைத் தட்டினாள். டைம்கீப்பர் ரேடியோவை நிறுத்திவிட்டு, காகிதத்தை எடுத்துக் காட்டினார். காலரிலிருந்து மடிப்புவரை விரலை ஓட்டிப் படித்தாள். ஒரு குறையும் இல்லை. கணவர் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் இந்தக் காகிதம்தான் போல.

"சார், காலி பண்ணச் சொல்ல வரல" என்றாள். "சாயங்காலம் அரை மணி நேரம் இந்த ஜன்னல்கிட்ட நான் உக்காரணும். அவ்வளவுதான். எப்ப முடியும்?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறிலேர்ந்து ஆறரை. அப்ப நான் நடக்கப் போவேன்."

"தினமுமா?"

"நாலு வருஷமா தினமும்."

பின்னறையில் முடங்கிக் கிடந்தவளுக்குத் தெரியாமலே, நான்கு வருடமாகத் தினமும் ஆறிலிருந்து ஆறரைவரை இந்த அறை சும்மா பூட்டிக் கிடந்திருக்கிறது! அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா, அந்த நேரத்துக்கும் நான் பணம் கொடுத்தாச்சு" என்று அவர் பென்சிலை எடுத்தார். "தினம் அரை மணி. ரெண்டு வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு மணி நேரம். நாள் கணக்குல பதினஞ்சு நாள், அஞ்சு மணி நேரம். கடைசியில அவ்வளவும் கூடத் தங்கிப்பேன். சம்மதமா?"

பின்னாலிருந்து கணவர், "அந்த அஞ்சு மணி நேரத்தையாவது விடச் சொல்லு" என்று கிசுகிசுத்தார்.

"நீங்க பேசாதீங்க" என்றாள் அவள். அவர் அதையும் சேர்த்து எழுதிய காகிதத்தின் கீழே கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை ஆறு அடிக்கும்போது டைம்கீப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இரண்டு காலையும் ஜன்னல் கட்டை மேல் தூக்கி வைத்தாள். கண் தானாக மூடிக்கொண்டது, தண்ணீரும் தானாக வந்தது.

கதவு திறக்கும் சத்தம். "காபி போடட்டுமா?" கணவர் ஒரு காலை உள்ளே வைத்திருந்தார்.

"ஆறரை வரைக்கும் இது என் ரூம்" என்றாள் அவள், திரும்பாமல். "வெளியில போய்க் கதவைத் தட்டிட்டு வாங்க."

அவர் காலை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்து மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது. அவள் கட்டை மேல் காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள்.