நீனோவை எழுந்திருக்கச் சொல்லாதவர்

இக்னாசியோ நாப்புட்டியை அப்ரா துறைமுகத்தில் எல்லோரும் நாசியோ என்றுதான் கூப்பிடுவார்கள். குவாம் தீவின் கடலோரக் காவல் நிலையத்துப் படகில் இருபத்திரண்டு வருடம் ஓடியவர். எண்ணெய்க் கப்பல் உள்ளே வரும் நாளில், அதன் வழியில் கிடக்கும் மீன் படகுகளை விலக்கிவிடுவார். புயல் கிளம்பினால், துறையை மூடப்போகிறோம் என்று கப்பல் கப்பலாகச் சொல்லி வெளியே அனுப்புவார். மிதவை விளக்கு அணைந்தால் முதலில் போய் நிற்பவரும் அவர்தான். வருடத்துக்கு ஒரு தடவை மீன்காரர்களின் படகில் ஏறி, ஆபத்துக்கு வேண்டிய சாமானெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சோதனை முடிந்ததற்கு அடையாளமாக அந்த வருடத்து வில்லையை ஒட்டிவிட்டு வருவார். ஊரில் அவரைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அகாத் படகுத்துறைக்குச் சோதனைக்குப் போனார். லோரென்சோ மஃப்னாஸ் தன் படகின் பின்பலகையில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுபத்துநாலு வயது. நாசியோவுக்கு ஞானத்தகப்பன். ஞானத்தகப்பனை நீனோ என்றும் அவர் மனைவியை நீனா என்றும் அழைப்பது அங்கே வழக்கம். நாசியோ அந்த ஊர் மரியாதைப்படி குனிந்து அவர் கையை எடுத்து மூக்கில் ஒற்றிக்கொண்டார்.

"வந்துட்டாரு தொரை! என் படகையே சோதனை போடப் போறியா? ஞானஸ்நானத்தன்னிக்கு என் சட்டையெல்லாம் நனைச்சவன்டா நீ."

"இன்னும் எத்தன வருசம் நீனோ இதையே சொல்லுவீங்க?"

"உனக்கு வெக்கம் வர்ற வரைக்கும். உக்காரு. உன் நீனா பண்ணுன சூரைமீன். எலுமிச்சை கொஞ்சம் தூக்கல், மூஞ்சியச் சுளிக்காம சாப்பிடு."

நாசியோ உட்கார்ந்தார். உயிர்காப்புச் சட்டையை எண்ணினார். வானொலியைத் தட்டிப் பார்த்தார். மிச்சம் இருந்தது ஆபத்துத் தீவட்டிகள் மட்டும்தான். கடலில் மாட்டிக்கொண்டவன் கையில் பிடித்து உரசினால் சிவப்பாக எரியும். மைல் கணக்கில் தெரியும். மூன்றரை வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் நம்ப முடியாது. அந்தப் பெட்டி, நீனோ உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில் இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெரியவரை எழுந்திரு என்று சொல்ல அந்த மண்ணில் பிறந்தவனுக்கு நாக்கு எழாது. அதுவும் ஞானத்தகப்பனை.

"தீவட்டி எல்லாம் புதுசுதானே நீனோ?"

"இருக்கு, இருக்கு. நீ சோத்தப் போட்டுக்க."

நாசியோ தாளில் 'பார்த்தேன்' என்று குறியிட்டு, கையெழுத்துப் போட்டு, வில்லையை ஒட்டினார்.

பத்தொன்பது நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, நீனா நிலையத்துக்குப் போன் செய்தார். முந்தின நாள் மீனுக்குப் போன நீனோ திரும்பவில்லை. படகுகளும் விமானமும் தேடக் கிளம்பின. நாசியோவும் போனார். அன்று பொழுது சாய்கிற நேரம் வரை கண் எரிய எரியத் தேடினார். வெயிலில் பளபளத்த கடல்தான் தெரிந்தது. ஊர்க் கோயிலில் ஜெபமாலை சொன்னார்கள். சனிக்கிழமை காலையில் ஒரு சரக்குக் கப்பலில் வந்தவர்கள் நீனோவைக் கண்டு தூக்கிவந்தார்கள். இஞ்சின் நின்று, பேட்டரி செத்து வானொலியும் அடங்கி, குடிக்கத் தண்ணீர் தீர்ந்து மிதந்திருந்தார். உயிர் இருந்தது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் நாசியோவைக் கண்டதும் நீனோ முனகினார். "புதன்கிழமை உன் படகு என்னைத் தாண்டிப் போச்சுடா. ஆரஞ்சுப் பட்டை தெரிஞ்சுது. நாலு தீவட்டி உரசினேன். ஒண்ணாவது பத்தணுமே! எல்லாம் நமுத்துப் போயிருச்சு."

அன்று திறக்காமல் விட்ட பெட்டி நாசியோவுக்கு நினைவு வந்தது. புதன்கிழமையே பார்த்திருந்தால் மூன்று நாள் தாகம் இல்லை. இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலே இல்லை.

வாய் திறப்பதற்குள் நிலையத் தலைமை அதிகாரி ரூத் ஹாலிடே உள்ளே வந்தார். அமெரிக்காவிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. காய்ச்சலில் நீனோவுக்கு ஆங்கிலம் வரவில்லை. தீவின் சாமோரோ பாஷைதான் வந்தது. "நீங்களே கேட்டுச் சொல்லுங்க நாசியோ. தீவட்டி இருந்ததா?"

நீனோ நாசியோவையே பார்த்தார். பிறகு தன் பாஷையில் நிதானமாகச் சொன்னார். "எல்லாம் நல்ல தீவட்டிதான். பெட்டியோட அலை அடிச்சிட்டுப் போயிருச்சுன்னு சொல்லு. ஒரு சொல்லும் மாத்தாம சொல்லுடா."

நாசியோ சொன்னார். மாற்றாமல் சொன்னார். கிழவர் தனக்காகச் சொன்ன பொய், தன் வாயாலேயே ஆங்கிலமாகி அதிகாரியின் குறிப்பேட்டில் ஏறுவதை நின்று பார்த்தார்.

ஐந்து நாள் அவரால் ஜெபிக்க முடியவில்லை. 'எங்கள் பாவங்களை மன்னியும்' என்கிற இடம் வந்ததும் நிறுத்திவிடுவார். மனைவி ரெமீடியோஸ் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். அதுவும் பொய். ஆறாம் நாள் காலையில் அதிகாரியின் அறைக்கதவைத் தட்டினார்.

"மேடம், பெட்டியை அலை அடிக்கல. நான் அதைத் திறக்கவே இல்ல. அவரை எழுந்திரிக்கச் சொல்ல மனசு வரல. பார்த்ததா எழுதிட்டேன். அவர் சொன்னது என்னைக் காப்பாத்த."

அதிகாரி சத்தம் போடுவார், சீருடையைக் கழற்றச் சொல்வார் என்று நினைத்திருந்தார். அவர் பேனாவை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "இந்த மாதிரி இன்னும் எத்தனை பேரை எழுந்திருக்கச் சொல்லாம விட்டீங்க?"

நாசியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து நாளாக ஒரு கிழவருக்காகத்தான் அழுதிருந்தார். விரல் விட்டு எண்ணினார். பதினொன்று வந்தது. எல்லாம் வயசானவர்கள் ஓட்டுகிற படகுகள். ஒன்பது கரையில் கிடந்தன. இரண்டு அந்த நிமிடம் கடலில் இருந்தன.

வானொலியை அவர் கையிலேயே கொடுத்தார்கள். முதல் படகு உடனே சரி என்றது. அடுத்தது ஹுவான் கிச்சோச்சோவின் படகு. பெரியவர் என்பதால் துன் ஹுவான் என்பார்கள்.

"துன் ஹுவான், நாசியோ பேசுறேன். இப்பவே கரைக்கு வாங்க."

"ஏன்டா? இப்பத்தான் மீனே கடிக்குது. புயலா?"

"புயல் இல்ல. உங்க தீவட்டிப் பெட்டிய நான் திறந்து பாக்கல. பார்த்த மாதிரி கையெழுத்துப் போட்டுட்டேன்."

இரைச்சலுக்கு நடுவே துன் ஹுவானின் குரல் தாழ்ந்தது.

"டேய், இது பொது அலைவரிசை. துறைமுகமே கேக்குதுடா."

"கேக்கட்டும் துன் ஹுவான். நீங்க வந்துருங்க."

துன் ஹுவான் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். நாசியோவின் பெயரைச் சோதனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை கிட்டங்கியில் கயிறு எண்ணும் வேலை.

மறுநாள், இரத்தம் சுத்திகரிக்கும் இடத்தில் நீனோவைப் போய்ப் பார்த்தார். கிழவர் கையில் குழாயோடு சாய்ந்து கிடந்தார்.

"சொல்லிட்டியாமே."

"சொல்லிட்டேன் நீனோ."

"படுபாவி. சாகக்கெடந்தவன் கஷ்டப்பட்டு ஒரு பொய் சொன்னா, அதையும் வீணாக்கிட்ட. இப்ப நான் பாதர்கிட்ட போயி, பொய் சொன்னேன்னும் சொல்லணும், மாட்டிக்கிட்டேன்னும் சொல்லணும்."

நீனோ தாழ்ந்த குரலில் கேட்டார். "அது சரி, துன் ஹுவான் பெட்டியில என்னடா இருந்துச்சு?"

"தீவட்டியே இல்ல நீனோ. பெண்டாட்டிக்குத் தெரியாம ஒளிச்சு வச்ச சிகரெட்டு. பதினாலு பாக்கெட்டு."

நீனோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். குழாய் ஆடியது. நர்ஸ் ஓடிவந்து, "தாத்தா, ஆடாதீங்க!" என்று அதட்டினாள்.

நாசியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. குழாய்க்குள் இரத்தம் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். வாரத்துக்கு மூன்று நாள், நாள் ஒன்றுக்கு நாலு மணி நேரம். ஆயுசு உள்ள மட்டும்.

"வேலைக்குப் போகல?" என்றார் நீனோ.

"மத்தியானம்தான் நீனோ."

"அப்ப இரு. தனியா கெடக்க முடியல."

நாசியோ நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.