கழுத்தையும் எடுங்க

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இது எனக்கு நடந்தது. அமெரிக்காவில், டுலூத் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், பட்டப்பகலில் நடந்தது.

மூன்று வருடமாக, இருமினால் பிடரி வெடித்துவிடும் போல வலிக்கும். ஒரு கையால் பிடரியை அழுத்திக்கொண்டுதான் இருமுவேன். சிரித்தாலும் அதே வலி, அதனால் சிரிப்பதையே விட்டுவிட்டேன். வலது கைக்குச் சூடு தெரியாது. அடுப்பிலிருந்து கேசரோல் பாத்திரத்தை வெறுங்கையால் எடுத்து, தோல் கருகும் வாசனை வந்த பிறகுதான் கீழே வைத்தேன். எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ப்ரூயிட் அந்தத் தழும்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாம் மனசுதான், மார்லிஸ். வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

மனசாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில், தலைக்கு மட்டும் ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அதிலும் ஒன்றுமில்லை என்றால் நான் மனநல மருத்துவரிடம் போக வேண்டும், இனி அவரிடம் போகக் கூடாது. அதுதான் பேச்சு.

பிப்ரவரி மாதம். பிற்பகல் 3.40. ஸ்கேன் எடுப்பவர் பெயர் கர்டிஸ். காதில் ஹெட்போன் வைத்து, தலை அசையாதபடி என் முகத்துக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டை மாட்டினார். கையில் ஒரு ரப்பர் பந்தைத் திணித்தார்.

"ஏதாவதுன்னா இத அமுக்குங்க, மணி அடிக்கும். அசையவே கூடாது, சரியா?"

ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் தள்ளிவிட்டுப் போனார்.

டக்... டக்... டக்...

மரத்த கையிலிருந்து பந்து நழுவித் தரையில் விழுந்தது. கூப்பிடவும் பயம். அசைந்தால் படம் கெட்டுவிடும்.

அப்போது யாரோ இருமினார்கள்.

வெளியே இல்லை. குழாய்க்குள்... என் தலைமாட்டில்.

சில்லென்று விரல்கள். என் பிடரிக்கும் படுக்கைக்கும் நடுவே நுழைந்தன. அழுத்திப் பிடித்துக்கொண்டன.

மணி அடித்தது.

பந்து தரையில்தான் கிடந்தது...

இயந்திரம் நின்றது. ஹெட்போனில் கர்டிஸின் குரல் நடுங்கியது.

"சரி... சரிங்க. எடுக்குறேன்."

நான் எதுவுமே கேட்கவில்லை.

மறுபடியும் டக்... டக்... விரல்கள் மெல்ல விலகின.

தலைப் படத்தை மட்டும் பார்த்திருந்தால், சிறுமூளை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பரவாயில்லை என்று அனுப்பியிருப்பார்கள். கர்டிஸ் சேர்த்து எடுத்திருந்த கழுத்துப் படத்தில்தான் தெரிந்தது. தண்டுவடத்துக்குள் நீர் கட்டி, மேலே ஏறிக்கொண்டிருந்தது. விட்டிருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்றார் அறுவை மருத்துவர்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான்" என்றார் ப்ரூயிட், கொஞ்சமும் கூசாமல்.

அறுவை முடிந்து, நடமாட ஆரம்பித்ததும் கர்டிஸைத் தேடிப் போனேன்.

"டாக்டர் எழுதாததை ஏன் எடுத்தீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மைக்ல ஒரு பொம்பளக் குரல். 'கழுத்தையும் எடுங்க'ன்னு கெஞ்சுச்சு. உங்க குரல் இல்ல."

"பின்னே யாரோடது?"

"போன வருஷம் ஆர்லீன்னு ஒருத்தி. ப்ரூயிட் அனுப்பினவதான். இதே படுக்கையில, இதே வார்த்தைய சொல்லிக் கெஞ்சினா. டாக்டர் எழுதலம்மா, முடியாதுன்னுட்டேன். அந்த வாரமே தூக்கத்துல மூச்சு நின்னு போயிட்டா."

ஸ்கேன் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அதே குரல், மேடம். அவகிட்ட ரெண்டாவது தடவையும் எப்படி முடியாதுன்னு சொல்றது?"