பரிவட்டம் யாருக்கு?

ரங்கூனின் தாமுவே பகுதியில் எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒரு நாள் ஒரு வகையறாவுக்கு. அன்றைக்கு அந்த வகையறாவின் மூத்தவர் தலையில் பூசாரி பட்டுத்துணி கட்டுவார். அதுதான் பரிவட்டம். ரங்கூன் தெருக்களைக் கூட்டியவர்களின் வாரிசுகளான எங்களுக்கு ஒரு நாள் கிடைத்ததே பெரும்பாடு. இந்த வருடம் அப்பாவின் முறை. எழுபத்தெட்டு வயதில் புது லோஞ்சிக் கைலி வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

முந்தின நாள் கோயில் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வயதில் பெரியவர், நாங்கள் பர்மிய வழக்கப்படி மாமா முறை வைத்து ‘ஊலே’ என்றுதான் கூப்பிடுவோம்.

“லண்டன்ல இருந்து ஒரு பிரபு வந்திருக்காரு. அவரோட கொள்ளுத்தாத்தா இங்க கவர்னரா இருந்தவரு. கோயிலுக்கு நெலம் குடுத்ததே அவருதான். நாளைக்கு அவருக்குக் கட்டிருவோம். அப்பாவுக்கு அடுத்த வருசம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பர்மாக்காரன் நெலத்தக் குடுக்க அந்தக் கவர்னர் யாரு ஊலே? கப்பல்ல கொண்டாந்தாரா?”

“விடுப்பா. வந்தவங்களுக்குச் செய்யட்டும்,” என்றார் அப்பா.

அதுதான் என்னை இன்னும் எரித்தது. நாற்பது வருடம் முனிசிபல் வேலையில் ஒதுங்கி நின்றே பழகிய குரல். பிரபு வீட்டில் பிறந்ததால் ஒருவர் நாட்டை ஆள வந்தார். அவர் மாளிகை வாசலைக் கூட்ட எங்கள் பாட்டன்மார் வந்தார்கள். கோயில் கல்லில் அவர் பெயர் இருக்கிறது. எங்கள் ஆட்களில் ஒருவர் பெயரும் இல்லை.

மறுநாள் காலையில் கோயிலில் அந்த வெள்ளைக்காரர் வெயிலில் சிவந்துபோய் நின்றார். பாவம், அவர் எதையும் கேட்கவில்லை. நம்மவர்கள்தான் கொடுக்கப் பறந்தார்கள்.

பூசாரி பரிவட்டத் தட்டோடு அவர் பக்கம் திரும்பினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

“சாமி, இன்னைக்கு எங்க நாளு. எங்கப்பா அந்தா நிக்கிறாரு.”

“மானத்த வாங்காத, நகரு!” தலைவர் பல்லைக் கடித்தார்.

“நகர மாட்டேன்.”

மேளம் நின்றுவிட்டது. அப்பா மெதுவாக வந்து என் கையைப் பிடித்தார். இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். என்னை ஓரமாக நிறுத்திவிட்டு, பூசாரி முன்னால் தலையைக் குனிந்தார்.

“கட்டுங்க சாமி. அடுத்த வருசம் நான் இருப்பேனோ என்னமோ.”

பூசாரி கட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊர்வலம் முடிந்ததும் பரிவட்டத்தை அவிழ்த்துத் தட்டில் வைப்பது முறை. தலைவர் தட்டை நீட்டினார்.

“நாளைக்குக் கொண்டாந்து தர்றேன்,” என்று சொல்லிவிட்டு, அப்பா அதைக் கட்டிக்கொண்டே பஸ் ஏறினார்.