வர முடியாது என்று சொன்னேன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோச்சு. நேற்று நடந்ததே இன்று பாதி மறந்துவிடுகிறது. முன்னே பின்னே இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் ஓசூருக்குப் போய் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். தவறினால் கால் வீங்கி மூச்சு முட்டும். எங்கள் ஊர் பஸ் சானமாவுக் காட்டைத் தாண்டித்தான் போகும்.

அன்று காலை காட்டுக்கு முன்னாலேயே வனத்துறைக்காரர்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். யானைக்கூட்டம் ரோட்டோரம் நிற்கிறதாம். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் டயாலிசிஸ் சென்டருக்குப் போன் போட்டேன். இப்போதெல்லாம் அங்கே ஆள் எடுப்பதில்லை. பெண் குரலில் கம்ப்யூட்டர் பேசும். பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது. எனக்கு மனுஷரிடம் பேசவே கூச்சம்.

"யானை நிக்குதுங்க... இன்னிக்கு வர முடியாதுங்க" என்றேன். நாளைக்கு வரட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை.

"சரிங்க அம்மா, பதிவு செய்துவிட்டேன். வேறு உதவி வேண்டுமா?"

"வேணாங்க" என்று வைத்துவிட்டேன்.

"நாள மாத்திட்டாளா?" என்று பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் கேட்டார்.

"மாத்தாமயா சரிங்கறா?"

மறுநாள் போனோம். கவுண்டரில் இருந்த நர்ஸ் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "பாட்டி, தாத்தா பேரே இல்லையே. நேத்து நீங்களே கேன்சல் பண்ணிட்டீங்க. வரப்போற முறை எல்லாம் போயிருச்சு. அந்த நேரத்த வேற ஆளுக்குக் குடுத்தாச்சு" என்றாள்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீங்கின காலில் செருப்பு நுழையாமல் கையில் வைத்திருந்தார். யாராவது வராமல் போனால் பார்க்கலாம் என்றாள் நர்ஸ். யாராவது வராமல் போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். வேண்டின பிறகுதான் அவர்களும் எங்களைப் போல எங்கோ பஸ்ஸில் மாட்டியிருப்பார்களே என்று நினைப்பு வந்தது. அப்படியும் வேண்டுதலை நிறுத்த முடியவில்லை. அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில்தான் ஒரு மிஷின் கிடைத்தது.

என் மகள் வேலை முடிந்து நேராக அங்கே வந்தாள். நான் போனில் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் முகம் செத்துப்போச்சு. அந்தக் குரலைச் செய்துகொடுத்ததே அவள் வேலை செய்யும் கம்பெனிதான்.

வீட்டுக்கு வந்து விளக்கினாள். அந்தக் குரலுக்குக் கை கால் கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டூல் கொடுத்திருக்கிறார்களாம். தேதி மாற்ற ஒன்று, ரத்து செய்ய ஒன்று. எதை எப்போது எடுக்கணும் என்று ஒவ்வொன்றுக்கும் சில வரி எழுதி வைத்திருப்பார்கள். அந்த வரிகளைப் படித்துத்தான் அது எடுக்கும். சரியானதை எடுக்கிறதா என்று சோதித்து மார்க் போடுவது என் மகள் வேலை.

"ஸ்பேனர் கேட்டா சுத்தியல் தர்ற ஹெல்பருங்களோட காலந்தள்ளுனவன் நானு" என்று படுத்தபடியே சொன்னார், முன்னே பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். "இதயும் வேலைக்கு வெச்சுக்கிட்டாங்களா?"

மகள் சிரிக்கவில்லை. "நோயாளி வர முடியாதுன்னு சொன்னா ரத்து செய்யவும்னு எழுதியிருக்குப்பா. அது சரின்னு மார்க் போட்டவளே நாந்தான். தேதிய மாற்றவும், ரத்து செய்யவும்னு நறுக்குனு கேட்டே சோதிச்சேன். அம்மா மாதிரி பாதியில நிறுத்தி ஒருதடவகூடப் பேசிப் பாக்கல."

வரியை மாற்றி எழுதினாள். வர முடியாது என்றால் சிகிச்சை வேண்டாம் என்று அர்த்தமில்லை, வேறு நாள் கேட்க வேண்டும் என்று. சோதித்துப் பார்க்க அவள் கம்ப்யூட்டரிலும் அதே குரல் இருக்கிறது; அதனிடம் என்னைப் பேசச் சொன்னாள். பஸ்ஸில் சொன்னதையே சொன்னேன். இந்த முறை ரத்து செய்யவில்லை. அடுத்த வாரம் வரலாமா என்று கேட்டது.

"டூல சரியாத்தான் எடுத்துருக்கு" என்றாள் மகள்.

"அடுத்த வாரம்னா நான் இருக்க மாட்டேன்டி" என்றார் அவர்.

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அத்தன நாள் தள்ளக்கூடாதுன்னு நான் எழுதவே இல்லியேம்மா. இன்னும் என்னென்ன விட்டுப்போச்சோ." அதையும் சேர்த்தாள். ஆனால் பெங்களூரில் இருக்கும் கம்பெனிப் பெரியவர்கள் பார்த்துச் சம்மதித்தால்தான் புது வரிகள் சென்டரில் பேசும் குரலுக்குப் போகுமாம். இன்னும் சம்மதம் வரவில்லை. அவர் பெயரை மட்டும் நர்ஸ் பெண்ணிடம் கெஞ்சி மறுபடியும் போட வைத்திருக்கிறாள்.

நாளைக்கு அவருடைய முறை. ராகிக் கொல்லையில் யானை இறங்கியிருக்கிறது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். பஸ் நின்றால் பழைய வரிகளைப் படிக்கும் அதே குரலிடம்தான் பேசியாகணும். என்ன சொல்லணும் என்று மகள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வாய் வருமா, தெரியவில்லை.

டூல், வரி என்று நான் எழுதியதில் தப்பிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒருதரம் பார்த்துத் திருத்துங்கள். இதை மட்டும் படிக்கிறவருக்கு, என் வீட்டுக்காரர் ஒரு முறைகூடத் தவறக்கூடாது என்பது புரிகிறதா என்றும் பாருங்கள். புரியாவிட்டால் அந்த வரியை நீங்களே சேர்த்துவிடுங்கள்.